துதிக்கை இழந்த 'லை'

ஆம்பூர்ப் பக்கம் 'தோல் ஆலை' என்று அந்தக் காலத்தில் பலகை எழுதியவர், 'லை' எழுத ல-வுக்கு முன்னால் இரட்டைச் சுழி போட்டிருக்க மாட்டார். ல-வின் தலையிலேயே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவை இழுத்து விட்டிருப்பார். பேரணாம்பட்டின் 'ணா'வுக்கு அன்று துணைக்கால் கிடையாது. எழுத்தோடு சேர்ந்து கீழே சுழியும். ராணிப்பேட்டைக்கு மட்டும் இந்த வம்பு இல்லை. 'டை' அன்றும் இன்றும் ஒன்றுதான். ஒரே ஐகாரத்துக்கு ல-வில் ஒரு கோலம், ட-வில் ஒரு கோலம். ஏன் என்று கேட்ட பிள்ளைக்கு, 'அப்படித்தான் எழுதணும்' என்பதைத் தவிர வேறு பதில் இருந்திருக்காது.

உண்மையான பதில் இலக்கணத்தில் இல்லை, கருவியில் இருந்தது. ஓலையில் எழுதிய கையின் வடிவத்தை அச்சுக்காரர்கள் அப்படியே ஈயத்தில் வார்த்தார்கள். துதிக்கை லை, ணை, ளை, னை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு. அச்சுக்கோப்பவர் பெட்டியில் அவற்றுக்குத் தனி அறை. பழமை என்று நாம் கும்பிடுவதிலும் ஒட்டுவேலை உண்டு. எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டை இன்றைய வடிவில் தெளிவாக்கிய பெருமை 18-ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவருக்குத் தரப்படுகிறது. இன்று ஏ-வுக்குக் கால் இழுக்காத பிள்ளைக்கு மதிப்பெண் போய்விடும். அந்தக் கால் தொல்காப்பியர் போட்டதல்ல.

1935-இல் பெரியார் தம் 'குடி அரசு' இதழில் துதிக்கையை வெட்டினார். ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், நான்கு ஐகாரங்கள் என 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளைப் போலவே குறி ஏற்றன. அச்சுக்கும் தட்டச்சுக்கும் படிக்கிற பிள்ளைக்கும் சுமை குறையும் என்பது அவர் வாதம். ஆனால் அன்றைய வகுப்பறைக் கரும்பலகையில் துதிக்கைதான் ஆண்டது. ஒரு கட்சிக்காரரின் எழுத்து என்று பலர் ஒதுக்கினார்கள். எழுத்துக்கு ஏது கட்சி!

1973 டிசம்பர் 24 அன்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பெரியார் இறந்தார். அவரது பிறந்தநாள் நூற்றாண்டையொட்டி 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு அந்த 13 எழுத்து மாற்றத்தை ஏற்று ஆணையிட்டது. பாடநூல் மாறியது; நேற்றுவரை சரியாக இருந்த 'லை' பழைய எழுத்தாயிற்று. ஆசிரியர் தம் கையைப் பழக்கிக்கொண்டே பிள்ளைகளையும் பழக்க வேண்டியிருந்தது. பெரியவர்கள் கை மாறவில்லை. வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்: 'விலை' வரும் இடத்தில் ஒரு நொடி நிற்பான்.

விதியை யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், ஆனால் அது மாறுவது பாடநூல் மாறும்போதுதான் என்பது என் கட்சி. சான்று, பெரியார் கேட்ட இன்னொன்று. ஐ வேண்டாம், 'அய்' போதும் என்றார். 1978 ஆணை அதை ஏற்கவில்லை. 'அய்யா' என்று எழுதும் இதழ்கள் இன்றும் உண்டு. அதையே 'ஐயா' என்று திருத்தும் சிவப்பு மையும் உண்டு. துதிக்கைக்கோ கணினியில் தனிக் குறியீடே கிடையாது. ஒருங்குறியில் லை என்பது ல-வும் ஐகாரக் குறியும்தான். பழைய பாணி எழுத்துரு ஒன்றைப் போட்டால் அதே கோப்பில் யானை திரும்பி வந்துவிடும்.