மஹய்யாவவும் பேராதனையும்

கண்டி நகரின் துப்புரவுக்கென ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்டோரின் சந்ததியார், அந்நகரின் மஹய்யாவ என்னும் பகுதியின் நெருக்கமான லயங்களில், சாதி நிந்தனையையும், இந்திய வம்சாவளியினருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கொடுமையையும் ஒருங்கே சுமந்து வாழ்ந்தனர்.

அங்கிருந்து சில மைல் தொலைவில், 1952இல் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்த பேராதனைப் பல்கலைக்கழகத்தில், அருணாசலம், இராமநாதன் ஆகிய தமிழ்ப் பெரியார்களின் நாமம் தாங்கிய விடுதிகள் எழுந்தனவேனும், மலையகத் தொழிலாளர் பிள்ளைகள் அவற்றின் வாயிலை மிதித்தது வெகு அபூர்வமாகவே இருந்தது. மிதித்த சிலருக்கோ மூத்த மாணவரின் குறிப்பேடும் ஆறுதல் வார்த்தையும் உபகாரச் சம்பளத்தினும் பெரியவை என்றே கருதுகிறேன்.

மாணவர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் இத்தேவை பேராதனைக்கு மட்டும் உரியதன்று. 1906இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் எழுவர் ஆல்பா ஃபை ஆல்பா என்னும் சகோதர சங்கத்தை ஸ்தாபித்ததும், வெள்ளையர் சூழலில் தனித்து நின்று கல்வியை இழந்துவிடலாகாது என்னும் இத்தகைய அவசியத்தினாலேயே.