வியன்னா பிரசவ விடுதி கற்பித்த பாடம்

நோய் தீர்க்கும் இடமே நோய் தரும் இடமாகவும் ஆகிவிடக்கூடுமோ? ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன், ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் ஏழைத் தாய்மார் இந்த ஐயத்தைக் கொண்டிருந்தனர். அவர்கள் ஐயுற்றதில் தவறில்லை என்பது பின்னரே மருத்துவ உலகுக்குப் புலனாயிற்று.

வியன்னாப் பொது ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதற் பிரிவில் மருத்துவ மாணாக்கரும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846-ஆம் ஆண்டில் முதற் பிரிவில் நூற்றுக்கு 11 பேருக்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். பெரும்பாலோரைக் கொண்டு சென்றது பிரசவ ஜுரம். இரண்டாம் பிரிவிலோ நூற்றுக்கு மூவர்கூட இறக்கவில்லை. இவ்வேறுபாடு ஊரறிந்த செய்தி. தம்மை முதற் பிரிவில் சேர்க்க வேண்டாமென்று பெண்கள் மண்டியிட்டு மன்றாடினர். வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றவர்களுக்குக்கூட அபாயம் குறைவாகவே இருந்தது.

பெரிய வைத்தியர்கள் காற்றின் மீதும் பருவத்தின் மீதும் பழி சுமத்தினர். அவ்வாண்டு அங்கே உதவி மருத்துவராகப் பொறுப்பேற்ற இக்னாஸ் செம்மெல்வெய்ஸ் என்ற ஹங்கேரி நாட்டு இளைஞருக்கு இவ்விளக்கம் மனநிறைவு தரவில்லை. அடுத்தடுத்துள்ள இரு பிரிவுகளில் வீசும் காற்று ஒன்றுதானே!

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெட்ச்கா என்ற பேராசிரியர் காலமானார். சவப் பரிசோதனையின்போது மாணாக்கர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அவர் உடலில் காணப்பட்ட அறிகுறிகள் பிரசவ ஜுரத்தால் இறந்த தாய்மாரிடம் கண்டவற்றை ஒத்திருந்தன. செம்மெல்வெய்ஸுக்கு உண்மை விளங்கிற்று. சவ அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்குச் சென்ற கைகளே யமனைச் சுமந்து சென்றன. அக்கைகளுள் தம்முடையவையும் அடங்கும் என்பதை அவர் மறைக்கவில்லை.

அவ்வாண்டு மே மாதத்தில், குளோரின் சேர்த்த நீரில் கை கழுவாமல் எவரும் நோயாளியைத் தொடலாகாது என்று விதி செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18-ஆக இருந்த சாவு, ஜூலையில் நூற்றுக்கு ஒன்றளவுக்கு இறங்கிற்று.

இத்துணைத் தெளிவான சான்று இருந்தும் உலகம் அதை உடனே ஏற்கவில்லை. நுண்ணுயிர்களின் செயல் அக்காலத்தில் விளங்காதிருந்தது ஒரு காரணம். செம்மெல்வெய்ஸ் தம் முடிவை விரிவான நூலாக 1861 வரை வெளியிடாதது மற்றொன்று. எல்லாவற்றினும் பெரிய தடை மனத்தில் இருந்தது. ‘கை கழுவு’ என்ற சொல், ‘நீயே கொன்றாய்’ என்று மருத்துவர் செவியில் ஒலித்தது. அவருடைய பதவிக்காலம் 1849-இல் நீட்டிக்கப்படவில்லை. பின்னாளில் அவரே தம் எதிரிகளைக் கொலைகாரர் என்று பகிரங்கக் கடிதங்களில் சாடினார், பகைதான் வளர்ந்தது. 1865-இல் மனநோய் விடுதியொன்றில், புண்ணில் நஞ்சேறி, தம் 47-ஆம் வயதில் மறைந்தார்.

ஜெர்மானிய நகரமான கீலில் மிக்கேலிஸ் என்ற பேராசிரியர் இந்த உண்மையை ஏற்றுக்கொண்டார். ஆனால் தம் கையால் இறந்தவர்களை எண்ணி எண்ணி மனம் உடைந்து, 1848-இல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். பிழையைப் பாவமாக மட்டுமே கருதும் இடத்தில் மனிதன் அதை மறைப்பான்; அன்றேல் அதன் பாரத்தால் நசுங்குவான். இரண்டினாலும் அடுத்த நோயாளிக்குப் பாதுகாப்பு இல்லை.

பிழை நேரும் வழியை ஆராய்ந்து அடைக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்ற நெடுங்காலம் ஆயிற்று. 1999-இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை தவிர்க்கக்கூடிய பிழைகளால் இறப்பதாக மதிப்பிட்டது. தீயவர்களைவிடத் தவறான ஏற்பாடுகளே அதற்குப் பெரிதும் காரணம் என்றும் கூறியது. உலக சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வகுத்து, 2007, 2008-ஆம் ஆண்டுகளில் எட்டு நகரங்களில் சோதித்தது. அவற்றுள் நமது புது டில்லியும் ஒன்று. அச்சோதனையில் சாவு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8-ஆகக் குறைந்தது. கத்தி எடுக்குமுன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு விதி. ஒருமுறை வாய் திறந்த தாதி, பிழை கண்டால் மறுமுறையும் வாய் திறக்கத் தயங்கமாட்டாள் அல்லவா?

அப்பட்டியலின் முதற் கேள்வி நோயாளியிடமே கேட்கப்படுவது: நீர் யார், எந்த இடத்தில், என்ன சிகிச்சை, சம்மதமா? பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். பாஷை விளங்காமல் எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிடுவது நம்மவர் வழக்கம். விளங்கவில்லையென்றால் விளங்கவில்லை என்று சொல்வதும், மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும் மரியாதைக் குறைவல்ல. வியன்னாவில் மண்டியிட்டு அழுத தாய்மாரின் சொல்லை அன்றே எவரேனும் செவிமடுத்திருந்தால், எத்தனையோ குழந்தைகள் தாயை இழந்திருக்கமாட்டா.