சாளரத்தை ஆள்வது யார்?

2002ஆம் ஆண்டு, முதுகலை மாணவனாக விடுதியில் தங்கியிருந்தபோது, கணினி இதழ் ஒன்றின் இணைப்பாக வந்த குறுந்தகடுகளைக் கொண்டு லினக்ஸை நிறுவ முயன்றேன். கணினியியல் பயின்ற நண்பன் உடனிருந்தான். நிறுவல் முடிந்ததும் வரைகலைத் திரையை எழுப்பும் ஆணையைத் தட்டினோம். திரை ஒருமுறை சிமிட்டியது, பிறகு கறுத்துவிட்டது. 'வரம்புக்கு அப்பால்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடர் மட்டும் ஒரு சிறு பெட்டிக்குள் மிதந்தது. கணினி பழுதாகிவிட்டதென்றே நான் அஞ்சினேன். நண்பன் பதற்றமின்றி கன்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்தழுத்தி எழுத்துத் திரைக்கு மீண்டான். "மானிட்டரோட புத்தகத்த எடுடா" என்றான்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் கிடை அதிர்வெண் 30 முதல் 54 கிலோஹெர்ட்ஸ் என்றிருந்தது. அவ்வெண்களைக் கோப்பில் எழுதிச் சேமித்த பின் சாம்பல் நிறப் பின்னணியும், நடுவே பெருக்கல் குறி வடிவில் ஒரு சுட்டியும் தோன்றின. ஒரு நிரலைத் திறந்தோம். அதன் சாளரத்துக்குத் தலைப்புப் பட்டை இல்லை; அதை நகர்த்தவும் இயலவில்லை, சுருக்கவும் இயலவில்லை. மூளியாக ஒரு மூலையில் கிடந்தது. சாளர மேலாளரை நிறுவ மறந்துவிட்டோம் என்று நண்பன் சொன்னான். சாளரத்தைக் காட்டும் நிரல் ஒன்று, அதை ஆளும் நிரல் வேறொன்று என்பதே அன்று எனக்கு வியப்பாயிருந்தது. அந்தப் பிரிவினைக்கு நெடிய வரலாறு உண்டென்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

1984ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப் ஷீஃப்லர் ஒரு சாளர முறைமையை எழுதினார். ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த 'டபிள்யூ' என்னும் முறைமை அதற்கு அடிப்படை. அகரவரிசையில் அடுத்த எழுத்து 'எக்ஸ்' ஆகையால் அதுவே பெயராயிற்று. அக்கழகத்தின் அதீனா திட்டத்தில் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் பயன்பட்டன. எல்லாவற்றிலும் ஒரே முறைமை இயங்கவேண்டுமாயின் அது எந்த ஒரு நிறுவனத்தின் தோற்றத்தையும் திணிக்கலாகாது. எனவே எக்ஸ் திரையில் வரைவது, விசைப்பலகையையும் சுட்டியையும் கவனிப்பது ஆகிய அடிப்படைப் பணிகளை மட்டும் ஏற்றது. சாளரத்தின் ஓரம் எப்படியிருக்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று எவ்வாறு அடுக்கப்பட வேண்டும் என்பவற்றை வேறொரு நிரலுக்கு விட்டுவிட்டது. வழிவகையைத் தருவோம், கொள்கையை வகுக்கமாட்டோம் என்பது அவர்கள் கொண்ட நெறி.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் நூற்பா ஒன்றுதான். இளம்பூரணருக்கு ஓர் உரை, சேனாவரையருக்கு ஓர் உரை, நச்சினார்க்கினியருக்கு ஓர் உரை. எக்ஸ் நூற்பாவாக நின்றது. சாளர மேலாளர்கள் உரைகளாகப் பெருகினர்.

1987இல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய 'டிடபிள்யூஎம்' நெடுங்காலம் எக்ஸுடன் சேர்ந்தே வந்தது. நினைவகத்தை மிகுதியாக விழுங்குகிறதென்று அதைத் திருத்தி, 1993இல் ராபர்ட் நேஷன் 'எஃப்விடபிள்யூஎம்' என்பதை உருவாக்கினார். அப்பெயரின் முதலெழுத்து எதைக் குறிக்கிறது என்பது இன்றும் வேடிக்கையான விவாதம்.

லினக்ஸ் 1991இல் பிறந்தது; மறு ஆண்டே எக்ஸ் அதற்குக் கொண்டுவரப்பட்டது. இங்கேதான் எங்கள் கருந்திரையின் வேர் இருக்கிறது. பல்கலைக்கழகப் பணிநிலையங்களில் கணினி, திரை, வரைகலை அட்டை எல்லாம் பெரும்பாலும் ஒரே நிறுவனத்திலிருந்து வந்தன. வீட்டுக் கணினியோ பலர் செய்த உறுப்புகளின் கூட்டு. பழைய குழாய்த் திரையில் மின்னணுக் கற்றை நொடிக்கு எத்தனை கிடைவரிகளை வரைய இயலும் என்பதற்கு எல்லை உண்டு. 1024க்கு 768 என்ற அளவில், காட்டப்படாத வரிகளையும் சேர்த்தால் ஒரு சட்டகத்துக்கு 806 வரிகள். நொடிக்கு 60 முறை எனில் ஏறத்தாழ 48 கிலோஹெர்ட்ஸ். 85 முறை என்று கோப்பில் இருந்தால் ஏறத்தாழ 69 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். 54ஐத் தாண்டாத எங்கள் திரை கைவிரித்ததில் வியப்பில்லை. சில பழைய திரைகள் இத்தகைய பிழையால் பழுதாகவும் கூடும் என்று ஆவணங்கள் எச்சரித்தன.

கொள்கை வகுக்காமையின் மறுபக்கத்தை உரக்கச் சொன்னவர் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச். ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு விதமாகத் தோன்றி, ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டால் சாதாரணப் பயனர் என்ன செய்வார் என்று கேட்டு, 1996 அக்டோபரில் கேடிஇ திட்டத்தை அறிவித்தார். அதற்கு அவர் தேர்ந்துகொண்ட கருவி, நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனத்தின் 'க்யூட்டி'. அதன் உரிமம் அப்போது முழுமையான கட்டற்ற உரிமம் அன்று. விடுதலைக்கான மாளிகையைப் பிறர் நிலத்தில் எழுப்பலாமா என்ற கேள்வி எழுந்தது. 1997 ஆகஸ்டில் மெக்சிகோவின் மிகுவேல் தெ இகாசாவும் ஃபெதரிகோ மேனாவும் க்னோம் திட்டத்தைத் தொடங்கினர். சச்சரவு கடுமையாகவே இருந்தது. எனினும் அந்த நெருக்கடியின் பயனாக, 2000 செப்டம்பரில் க்யூட்டி பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வந்தது. எதிரணி இல்லாதிருந்தால் அது நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

உரிமம் என்பது வழக்கறிஞர்களின் சொற்சிலம்பம் அன்று என்பதை 2004 மீண்டும் காட்டியது. லினக்ஸ் கணினிகளில் பரவலாயிருந்த எக்ஸ்ஃப்ரீ86, தன் உரிமத்தில் பங்களிப்பாளரைக் குறிப்பிடவேண்டும் என்றொரு நிபந்தனையைச் சேர்த்தது. சிறிய வாசகம்தான். ஆனால் அது பொதுமக்கள் உரிமத்தோடு பொருந்தவில்லையென்று பல லினக்ஸ் வழங்கல்கள் அதை ஏற்க மறுத்து, எக்ஸ்.ஆர்க் பக்கம் சென்றன. அதன்பின் வந்த ஆண்டுகளில் திரை தன் அளவுகளைத் தானே அறிவிக்கவும், முறைமை அதைக் கேட்டறியவும் வழி சீர்ப்பட்டது. கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் தேடவேண்டிய தேவை மெல்ல மறைந்தது.

2008இல் கிறிஸ்டியான் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய 'வேலண்ட்' அந்தப் பழைய பிரிவினையையே கைவிட்டது. காட்டுவதும் ஆள்வதும் அதில் ஒரே நிரலின் பணி. 2016இல் ஃபெடோரா தன் முதன்மைத் திரைக்கு அதை ஏற்றது. பாதுகாப்புக்கும் அசைவின் ஒழுங்குக்கும் அது நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நூற்பாவும் உரையும் ஒன்றாகிவிட்ட பிறகு, புதிதாக உரையெழுத விரும்புகிறவர் நூற்பாவையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது. அச்சுமையைக் குறைக்கும் நூலகங்கள் உண்டு. புதிய முயற்சிகளும் வந்தவண்ணம் உள்ளன. ஆயினும் தனியொரு மாணவர் விடுமுறையில் சாளர மேலாளர் ஒன்றை எழுதிவிடும் காலத்தின் எளிமை இப்போது குறைவு.

அன்றிரவு நண்பன் இரண்டாம் குறுந்தகட்டிலிருந்து எஃப்விடபிள்யூஎம்மை நிறுவினான். மூளியாய்க் கிடந்த சாளரத்துக்குத் தலைப்புப் பட்டை முளைத்தது. அதற்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டான். நிறத்தை நாம்தான் சொல்லவேண்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நெடுநேரம் யோசித்துப் பச்சை என்றேன்.