பெரட்டுக் களம் முதல் புவிவேலி வரை: வேலைத்தள வருகைப் பதிவின் வரலாறு

கட்டடத் தொழிலாளிக்குப் பேர் விழுந்த நாளுக்குத்தான் கூலி. யார் பேர் போடுகிறார், எதில் போடுகிறார், அந்த ஏடு யார் கையில் இருக்கிறது என்பவை இந்தத் தொழிலில் கூலி விகிதத்துக்கு இணையான கேள்விகள். இன்று ஸ்மார்ட்போனின் இருப்பிடத்தை வைத்து வருகை பதியும் செயலிகள் வேலைத்தளங்களில் பரவிவருகின்றன. இவற்றை அந்தரங்க உரிமைப் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். தன் வருகைக் கணக்கைத் தானே பார்த்துச் சரிபார்க்கும் உரிமையைத் தொழிலாளி நீண்ட போராட்டத்துக்குப் பிறகே பெற்றார். அந்த ஏடு இப்போது சர்வருக்குள் போய்விட்டது; அதோடு அந்த உரிமையும் கைநழுவுகிறது. இக்கட்டுரை அந்த வழித்தடத்தைப் பின்தொடர்கிறது.

தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக வருகைப் பதிவுக்கு உட்பட்டது இலங்கைத் தோட்டங்களில். அதிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூட வேண்டும். பேர் செக்ரோல் எனும் வருகை ஏட்டில் ஏறும். கொடுத்த அளவு வேலை முடியாவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும், ஆள் திரட்டி மேற்பார்த்த கங்காணிக்குத் தனியே காசு உண்டு. ஆக, ஒருவரின் வருகை இன்னொருவரின் வருமானமாகவும் இருந்தது. இந்த அமைப்பில் பேர் போடுவது நடுநிலையான காரியமாக இருந்திருக்க வழியில்லை. செக்ரோலில் தன் பேருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கத் தொழிலாளிக்கு வாய்ப்பும் இல்லை, எழுத்தறிவும் பெரும்பாலும் இல்லை.

தொழிற்சாலைகளின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் நேரப்பதிவுக் கடிகாரம் வந்தது. தொழிலாளி தானே சாவியோ அட்டையோ செருகி நேரத்தைப் பதிந்தார். அதற்கு நிலையான வாசல் வேண்டும், நிலையான ஆட்கள் வேண்டும். கட்டட வேலையில் இரண்டும் இல்லை. தளம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று கொத்தனார், நாளை கம்பி கட்டுபவர், அடுத்த வாரம் சென்ட்ரிங் ஆட்கள். அதனால் இங்கே காகிதமே நிலைத்தது. பொதுப்பணித் துறையில் என்.எம்.ஆர். எனப்படும் மஸ்டர் ரோல். தனியார் வேலையில் மேஸ்திரியின் சட்டைப்பை நோட்டு. சனிக்கிழமை சம்பளம் போடும்போது அந்த நோட்டில் இருப்பதுதான் உண்மை. சித்தாள் ஐந்தரை நாள் என்பார், நோட்டு ஐந்து என்னும், ஐந்துக்குத்தான் காசு.

இந்த இடைத்தரகைச் சட்டம் தொடாமல் இல்லை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் அதன் விதிகளும் ஒப்பந்ததாரர் மஸ்டர் ரோலும் கூலிப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும் என்றன. முதன்மை முதலாளியின் பிரதிநிதி முன்னிலையில்தான் கூலி பட்டுவாடா நடக்க வேண்டும் என்றும் சொல்லின. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் இன்னும் ஓரடி முன்னே போனது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும், வேலை செய்யும் இடமும் கூலியும் அதில் இருக்க வேண்டும், தொழிலாளியின் தாய்மொழியிலும் அது எழுதப்பட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நடைமுறையில் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டாலும், இந்திய வருகைப் பதிவு வரலாற்றின் மிகச் சிறந்த சிந்தனை இதுதான் என்பது என் கருத்து. கணக்கின் பிரதி கணக்குக்கு உரியவரிடம் இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

ஏன் அது தேவைப்பட்டது என்பதை 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்கள் காட்டின. தில்லியில் அரங்கங்களும் மேம்பாலங்களும் எழுந்துகொண்டிருந்தபோது, குறைந்தபட்சக் கூலி நாளுக்கு ரூ. 9.25. கூலி ஜமாதார் எனும் ஆள்திரட்டும் தரகர் வழியாகப் போனது. ஆளுக்கு ஒரு ரூபாயை அவர் பிடித்துக்கொண்டார். மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏட்டைத் திறந்து காட்டும்படி கேட்ட இயக்கம் ராஜஸ்தானில் பிறந்தது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் உள்ளூர் மக்களும் சேர்ந்து 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனைத் தொடங்கினர். வறட்சி நிவாரண வேலைகளில் குறைந்தபட்சக் கூலி கேட்டவர்களுக்கு, நீங்கள் முழு வேலை செய்யவில்லை என்று பதில் வந்தது. அப்படியானால் மஸ்டர் ரோலைக் காட்டுங்கள் என்றனர். அது ரகசிய ஆவணம் என்றார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா ஊரில் நடந்த பொது விசாரணையில் பதிவேட்டு விவரங்கள் மக்கள் முன் உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்கள் பேரில் கூலி எடுக்கப்பட்டிருந்தது அம்பலமானது. அதே கோரிக்கையோடு 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. தகவல் உரிமைச் சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு (1997) என்பதையும் இங்கே நினைவுகூரலாம். 2005இல் தேசிய அளவில் இரு சட்டங்கள் வந்தன: தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஊரக வேலை உறுதிச் சட்டம். பின்னது மஸ்டர் ரோலைப் பொது ஆவணமாக்கியது. சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. மேற்பார்வையாளரின் பையில் இருந்த ஏடு கிராம சபையின் நடுவே வந்து அமர்ந்தது.

இதே காலத்தில், தொடர்பே இல்லாத இன்னொரு மாற்றம். ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000 மே மாதம் நீக்கப்பட்டது. 2008இல் வந்த ஐபோன் 3ஜியிலும் முதல் ஆண்ட்ராய்டு போனிலும் ஜி.பி.எஸ். இருந்தது. விரைவிலேயே வரைபடத்தில் வேலைத்தளத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, போன் அதற்குள் வந்தால் மட்டும் வருகை ஏற்கும் செயலிகள் வந்தன. இந்த வட்டத்துக்குத்தான் புவிவேலி என்று பெயர். திறந்த வானத்தின் கீழ் ஸ்மார்ட்போனின் பிழை ஏறக்குறைய 5 மீட்டர். கட்டட வேலையோ எப்போதும் திறந்த வானத்தின் கீழ் நடப்பதில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களிலிருந்து வரும் மெலிந்த சமிக்ஞை கான்கிரீட் தளத்தைத் தாண்டுகையில் மங்கும். பக்கத்துக் கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பினால் இருப்பிடம் தெருவுக்கு அப்பால் காட்டும். அடித்தளத்தில் பூச்சு வேலை செய்பவர் வேலிக்கு வெளியே நிற்பதாகப் பதிவாகலாம். போலி இருப்பிடம் காட்டும் செயலிகளும் எளிதில் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, செயலி அறிவது போன் இருக்கும் இடத்தை. அந்த நாளில் நடந்த வேலையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இரண்டு வரலாறுகளும் 2021 மே மாதத்தில் சந்தித்தன. ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு என்.எம்.எம்.எஸ். என்ற வருகைப் பதிவுச் செயலியை ஒன்றிய அரசு அறிமுகப்படுத்தியது. 2022 மே முதல் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தளங்களிலும், 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் பயனாளி வேலைகள் தவிர எல்லாத் தளங்களிலும் அது கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இரண்டு முறை, இருப்பிட முத்திரையோடு தொழிலாளரைப் படமெடுத்துப் பதிவேற்ற வேண்டியிருந்தது. நோக்கம் வெளிப்படைத்தன்மை என்றார்கள். ஆனால் இத்திட்டத்தில் கூலி வெட்டிய மண்ணின் அளவைப் பொறுத்திருந்தது. முன்பு அளவை முடித்துவிட்ட பெண் வீட்டுக்கோ மாட்டைப் பார்க்கவோ போக முடிந்தது. செயலி வந்தபின் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. சிக்னல் கிடைக்காத ஊரில் படம் ஏறவில்லை என்றால் உழைத்த நாள் வராத நாளாகிவிட்டது. 2023 பிப்ரவரியில் தொழிலாளர் அமைப்புகள் ஜந்தர் மந்தரில் 100 நாள் தர்ணாவைத் தொடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மோசடி நின்றதா? 2025 ஜூலை 8 அன்று ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை பதில் சொல்கிறது. சம்பந்தமில்லாத படங்கள், படத்தையே படமெடுத்து ஏற்றியவை, படத்தில் உள்ள தலைகளுக்கும் பதிவான எண்ணிக்கைக்கும் பொருத்தமின்மை, ஒரே ஆளின் படம் பல மஸ்டர் ரோல்களில் என அது வரிசையாகக் குறிப்பிட்டது. தீர்வாக, ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் மனிதர்களே சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கோட் கிரானா மக்கள் 30 ஆண்டுகளுக்கு முன்பு செய்த சரிபார்ப்பும் மனிதர்கள் செய்ததுதான். அங்கே சரிபார்த்தவர்கள் தொழிலாளர்கள். இங்கே அந்த வேலை அலுவலர்களுடையது. என் பார்வையில் இந்த வரலாற்றின் திருப்பம் இதுவே. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இத்திட்டத்துக்குப் பதிலாக 125 நாள் வேலைக்கு உறுதி தரும் புதிய சட்டத்தை இயற்றிவிட்டது. ஏடு யாருடையது என்ற கேள்வி அதற்கும் பொருந்தும்.

நகரத்துத் தனியார் கட்டுமானங்களில் சமூகத் தணிக்கை என்ற பேச்சே கிடையாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேலை தொடர்பான நோக்கங்களுக்காகத் தொழிலாளியின் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. அதே நேரத்தில், 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டப்படி நல வாரியத்தில் பயனாளியாகப் பதிய, முந்தைய 12 மாதங்களில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த 90 நாள் நிபந்தனை தொடர்கிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் செஸ் இந்தத் தொழிலாளர்களின் பேரில்தான் வசூலாகிறது. தொழிலாளி எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் தளத்தில் நின்றார் என்பது நிறுவனத்தின் சர்வரில் நிமிடக் கணக்கில் கிடக்கிறது. ஆனால் 90 நாள் வேலை பார்த்ததற்குச் சான்று கேட்டு அலைபவர் அதே தொழிலாளிதான்.

இருப்பிடம் பார்த்து வருகை பதிவதைத் தடைசெய்ய வேண்டும் என்று இக்கட்டுரை கேட்கவில்லை. 1979இல் பாஸ்புக்குக்குச் சொன்னதை இந்தச் செயலிகளுக்கும் சட்டம் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் தளத்தின் பெயர், வந்த நேரம், போன நேரம், முழு நாளா அரை நாளா என்ற விவரம் தொழிலாளியின் மொழியில் குறுஞ்செய்தியாக அவருக்குப் போக வேண்டும்; சாதாரண போன் வைத்திருப்பவருக்கும் அது போய்ச் சேரும். பதிவு தவறானால் மறுக்க ஒரு வழியும், சிக்னல் இல்லாத நாளுக்குக் காகிதப் பதிவும் வேண்டும். வேலை நேரம் முடிந்தபின் இருப்பிடம் சேகரிப்பது தண்டனைக்குரியதாக வேண்டும். அந்தக் குறுஞ்செய்திகளை 90 நாளுக்கான சான்றாகத் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.