உள்ளங்கையில் ஒரு பாரந்தூக்கி

வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவது இயல்பு. மாணவச் செல்வங்களே, இன்று நான் எடுத்துக்கொண்ட சான்றோ ஒரு விளையாட்டுப் பொருள். திருவான்மியூரில் நண்பர் ஒருவர் அதைப் பேணி வருகிறார். நீளம் நான்கு அங்குலத்துக்குச் சற்று மிகுதி. லிவர்ப்பூல் நகரத்து மெக்கானோ நிறுவனம் 'டிங்கி' என்னும் பெயரில் 1949-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் மாதிரி அது. உடல் ஆரஞ்சு நிறம். இருக்கையில் ஓட்டுநர் உருவம். முன்னே முள்கரண்டியின் பற்கள் போன்ற நீண்ட கைகள். சிறு கைப்பிடியைச் சுழற்றினால் அவை ஏறி இறங்கும்.

பந்தயக் கார்களுக்கிடையே சரக்கு தூக்கும் வண்டி பொம்மையாகும் பெருமை பெற்றது ஏன்? அசல் வண்டியைச் செய்தது கவன்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம். 1940 நவம்பர் 14 இரவில் ஜெர்மானிய விமானங்களின் குண்டுமழையில் சிதைந்த கவன்ட்ரி நகரமே அதன் ஊர். போர்க்காலத்தில் தீயணைப்புப் பம்புகளைச் செய்துவந்த அந்நிறுவனம் 1946-இல் ஃபோர்க்லிஃப்ட் செய்யத் தலைப்பட்டது. கடனில் மூழ்கிய பிரிட்டன் ஏற்றுமதியால் பிழைக்க வேண்டியிருந்த காலம் அது. கிடங்கிலும் துறைமுகத்திலும் விரைவு தேவைப்பட்டது.

வண்டியின் தத்துவம் நீங்கள் பாடத்தில் படித்த நெம்புகோலே. முன்சக்கரத்தின் அச்சு தாங்குபுள்ளி, முன்னே பாரம், பின்னே அதற்கு ஈடான கனத்த இரும்பு. பின்சக்கரங்களே திரும்புவதால் குறுகிய இடத்திலும் வண்டி வளையும். சரக்கைத் தரையில் வைத்தால் கைகள் அடியில் நுழையா. ஆகவே இடைவெளி விட்ட மரத்தட்டுகளின் மேல் அடுக்கினர். இயந்திரத்தைவிட இம்மரத்தட்டே பெரிய கண்டுபிடிப்பு என்பது என் எண்ணம்.

பொம்மை வார்ப்பும் சுவையானதே. உருகிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சினுள் அழுத்தத்துடன் செலுத்துவர், நொடிப்பொழுதில் உறையும். கலவையில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டாலும் பல்லாண்டுகளுக்குப் பின் பொருள் வெடித்து உதிரும். போருக்கு முந்தைய மாதிரிகள் பல இவ்வாறு அழிந்தன. 1960-களின் பிற்பகுதியில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, 'நிக்கி' என்னும் பெயரில் கார் பொம்மைகளை வார்த்தன. லிவர்ப்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது.

அசல் வண்டி குறைத்த சுமை யாருடையது? பொம்மையில் ஓட்டுநர் உண்டு. முன்னர் அம்மூட்டையைத் தோளில் சுமந்தவர் இல்லை. அவரைக் காணச் சென்னைத் துறைமுகத்துக்குத்தான் செல்லவேண்டும். காலைதோறும் வேலை கிடைக்குமோ என்று காத்துநின்ற அக்கூலிகளுக்காக 1948-இல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி 1953-இல் சென்னையில் தொழிலாளர் வாரியம் அமைந்தது. வேலைக்கு ஓர் ஒழுங்கு பிறந்தது. 1983-இல் இங்குப் பெட்டகமுனையம் திறந்தபின் மூட்டைகள் பெட்டகங்களுக்குள் சென்றன. தோளில் சுமக்கும் கூட்டங்கள் சுருங்கின. முதுகு வலி நீங்கியது. பலருக்கு அன்றாட வேலையும் நீங்கியது. இவ்விரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும்.

அவர்களுட் சிலர் இன்றும் வடசென்னையில் முதியோராய் வாழ்கின்றனர். அறிந்தவர் எவரேனும் இருப்பின் சென்று கேளுங்கள்: ஒரு மூட்டை எத்தனை எடை, ஒரு கூட்டத்தில் எத்தனை பேர், முதன்முதல் அவ்வண்டியைக் கண்ட நாளில் என்ன பேசிக்கொண்டனர் என்று.