ஏடுகள் உரைக்கும் கான்சாகிப்

சேதுநாட்டுச் சிவத்தலங்களுள் சிறப்புற்று விளங்குவது நயினார்கோவில். திருமருதூர் என்பது இதன் பழம்பெயர். சௌந்தரநாயகி அம்மையுடன் நாகநாதப் பெருமான் எழுந்தருளியிருக்கும் இத்தலத்திற்கு, பேச்சிழந்த தன் மகளை அழைத்து வந்தார் முல்லா சாகிபு என்னும் இஸ்லாமியப் பெரியவர். வாசுகி தீர்த்தத்தில் நீராடிய அச்சிறுமி வாய்திறந்து, ‘நயினார்’ என்று இறைவனை அழைத்தாள். அதுவே ஊருக்கும் பெயராயிற்று என்பது தலவரலாறு. இரு சமயத்தாரும் ஒரு வாயிலில் வந்து வணங்கும் மண் இது.

இத்தகைய சீமையிலே பிறந்து, இரு சமயங்களோடும் தொடர்புற்று, பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் போர்க்களங்களில் பெரும்புகழும் பெரும்பழியும் ஒருங்கே எய்தியவர் கான்சாகிப் எனப்பட்ட முகமது யூசுப்கான். இராமநாதபுரம் சீமைப் பனையூரில் வேளாளர் குடியில் தோன்றி, மருதநாயகம் என்ற பெயருடன் வளர்ந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது வழிவழி வந்த செய்தி. நாட்டுப்புறக் கதைப்பாடல் அவரைப் போற்றும். கும்பினியாரோ அவரைக் கலகக்காரர் என்றனர். இவற்றுள் மெய் எது? அதனைப் பழைய ஆவணங்களிலேயே தேடுதல் வேண்டும்.

அவ்வாறு தேடியவர்களுள் முதன்மையானவர் சாமுவேல் சார்லஸ் ஹில். இந்திய அரசின் ஆவணக் காப்பாளராகப் பணியாற்றிய இவர், சென்னைக் கோட்டைச் சபையின் இராணுவ நடவடிக்கைக் குறிப்புகளையும், படைத்தலைவர்களின் கடிதங்களையும், இராபர்ட் ஓர்ம் சேர்த்து வைத்த கையெழுத்துப் படிகளையும் ஒப்புநோக்கி, 1914 இல் யூசுப்கானின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அப்பணி எளிதன்று. ஒரே மனிதரை எழுத்தர்கள் ‘இசூப்’, ‘இசூப் கான்’, ‘மகமது இசூப்’ எனப் பலவாறு எழுதி வைத்திருந்தனர். பெயரை மட்டும் நம்பாமல், நாளையும் இடத்தையும் உடனிருந்த படைத்தலைவரையும் கொண்டே ஒவ்வொரு குறிப்பையும் இனங்காணல் வேண்டியிருந்தது.

அவ்வேடுகள் காட்டும் வீரர் சிறியவரல்லர். திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்தில், மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸின் கீழ், பகைவர் சூழ்ந்த வழிகளினூடே உணவுப் பொருள்களைக் கோட்டைக்குக் கொணர்ந்து சேர்த்தவர் அவர். 1754 இல் அவர்மீது பெரும் ஐயம் எழுந்தது. கோட்டையைக் காட்டிக்கொடுக்க அவர் மைசூராருடன் உடன்பட்டது போன்ற கடிதமொன்று அகப்பட்டது. நன்கு விசாரித்தபோது, அது பொன்னியப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளன் செய்த சூழ்ச்சி எனத் தெளிவாயிற்று. அவன் பீரங்கி வாயில் மடிந்தான். குற்றமற்றவரெனத் தெளிந்த யூசுப்கான், கும்பினியின் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவராக உயர்ந்து, பொற்பதக்கமும் பெற்றார். எழுத்து ஒன்றே சான்றாகிவிடாது, எழுதியவன் யாவன், எழுதிய நோக்கம் யாது என்று ஆராய்ந்த பின்னரே அது சான்றாகும் என்பதற்கு அவர் வாழ்வே எடுத்துக்காட்டு.

இனி, பக்தர் உள்ளம் வருந்தும் நிகழ்ச்சியொன்றையும் அவ்வேடுகள் மறைக்கவில்லை. 1755 இல் கர்னல் ஹெரான் தலைமையில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள்மீது சென்ற படையில் யூசுப்கானும் இருந்தார். மதுரைக்கு அருகே கோயில்குடி ஆலயத்தின் கதவை எரிக்க ஹெரான் தீப்பந்தம் ஏந்திச் சென்றபோது, அவரும் உடன் சென்றதாக ஓர்ம் எழுதுகிறார். தெய்வத் திருமேனிகளைக் கவர்ந்த ஹெரான், அவற்றைத் திருப்பித் தர 5,000 ரூபாய் கேட்டார். அத்தொகை கிடைக்காமற் போகவே, அவற்றை உடன் எடுத்துச் சென்றார். அவ்வாண்டு மே மாதம் நத்தம் கணவாயில் கள்ளர் குடியினர், ‘சாமி, சாமி’ என முழங்கிப் படையைத் தாக்கித் தம் தெய்வங்களை மீட்டனர். ஹெரான் பின்னர் இராணுவ விசாரணைக்கு உட்பட்டுப் பதவியிழந்தார்.

அதே யூசுப்கான், மதுரைச் சீமையின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற காலத்தில், மீனாட்சியம்மன் திருக்கோயிலில் குலைந்திருந்த பூசைகளை மீண்டும் ஒழுங்குபெறச் செய்தார் என்று மதுரை வரலாறு கூறுகிறது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, தென்சீமையிலிருந்து படையுடன் விரைந்து, 1759 பிப்ரவரி வரை வெளியே நின்று பிரெஞ்சுப் படையை அலைக்கழித்தவரும் அவரே. புலித்தேவர் முதலிய பாளையக்காரரை எதிர்த்துக் கும்பினிக்காகப் போரிட்டவரும் அவரே.

பின்னர் நவாபு முகமது அலியுடன் பகை மூண்டது. கும்பினியார் நவாபின் பக்கம் நின்றனர். அவர் பெருமையைப் பேசும் ஓர்மின் நூலது முதற்பகுதி இலண்டனில் வெளிவந்த அதே 1763 ஆம் ஆண்டில், அவருடைய பழைய தோழர்களே மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டனர். 1764 ஜூன் 26 இல் கோட்டையைத் தாக்கியவர்களை அவர் முறியடித்தார். எனினும், உடனிருந்தோரே 1764 அக்டோபர் 13 இல் அவரைப் பற்றிப் பகைவரிடம் ஒப்படைத்தனர். இரண்டாம் நாள், அக்டோபர் 15 இல், அவர் தூக்கிலிடப்பட்டார். மதுரைச் சம்மட்டிபுரத்தில் 1808 இல் எழுப்பப்பெற்ற பள்ளிவாசல் அவர் அடக்கத்தலமாக நின்று நிலவுகிறது.

கும்பினியார் இறுதியில் இட்ட பெயர் ‘கலகக்காரர்’ என்பது. ஆனால் அவர்களுடைய ஏடுகளே, அவர் செய்த பத்தாண்டுத் தொண்டினையும், அவரது குற்றங்களையும், அவர்பால் தாம் கொண்டிருந்த நம்பிக்கையையும் அழியாது காத்து நிற்கின்றன. தூக்குக்கயிறு ஓர் உயிரைப் போக்கலாம்; தாளில் எழுதிய மெய்யைப் போக்க இயலவில்லை. புகழ்வோர் கோயில்குடியை மறப்பதும், இகழ்வோர் மதுரைப் பூசையை மறப்பதும் ஒருசேரக் குறையுடையனவே.

ஆதலின், கல்வெட்டும் செப்பேடும் ஓலையும் தாளும் எங்கே கிடைப்பினும் அவற்றைப் பேணுதல் திருப்பணிக்கு ஒப்பான தொண்டாகும். திருக்குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில் கோபுரத்தைப் புதுக்கிய அன்பர்கள், இல்லங்களிலும் கோயில்களிலும் உறங்கும் பழைய ஏடுகளையும் காப்பார்களாக. பேசாத சிறுமியைப் பேசவைத்த நாகநாதப் பெருமான், பேசாது கிடக்கும் அவ்வேடுகளையும் மெய் பேசவைப்பாராக.