குடம்புளி மாத்திரையான கதை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைச் சரிவுகளில், சிறு பூசணியைப் போல் வரிவரியாகப் பள்ளம் விழுந்து மஞ்சளாய்ப் பழுக்கும் குடம்புளியின் தோலைக் கீறி உலர்த்தி, கன்னங்கரேலென்று ஆகும்வரை புகையில் வாட்டி, மண்சட்டி மீன்குழம்பில் நாலைந்து துண்டுகளைப் போட்டுக் கொதிக்கவிடும் வழக்கம் திருவாங்கூர்ச் சீமையிலும் குமரிப் பக்கத்திலும் நெடுங்காலமாய் உள்ளது. குழம்பு மறுநாளும் கெடாதிருப்பது அதன் குணமென்று அறிந்த அப்பக்கத்துப் பெண்களில் எவரும், அது உடல் இளைக்க வைக்கும் ஔஷதமென்று சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புளிப்பு சிட்ரிக், டார்டாரிக் அமிலங்களால் ஆனதென்றே ரசாயன சாஸ்திரிகள் வெகுநாள் எண்ணியிருந்தனர். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூயிஸும் நீலகண்டனும் 1965-இல் அதைச் சோதித்து, சிட்ரிக் அமிலத்தின் நெருங்கிய உறவான ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலமே அது என்று நிர்ணயித்தார்கள். 1969-இல் அமெரிக்காவில் வாட்சன், லோவன்ஸ்டைன் முதலியோர், மிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் காரியத்துக்கு வேண்டிய என்ஸைம் ஒன்றை இவ்வமிலம் தடுப்பதைக் காட்டினர். பிறகு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவை குறைவாகத் தின்று குறைவாகவே பருத்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடைபடுவது சோறும் சர்க்கரையும் கொழுப்பாகிற வழிதான். நெய்யாகவும் மாமிசமாகவும், கொழுப்பாகவே உள்ளே போவதற்கு அந்த என்ஸைமின் தயவு தேவையில்லை. ஆயினும் வெண்ணெயும் வறுவலும் தின்று பருத்த அமெரிக்க தேசந்தான் இவ்வமிலத்தை மாத்திரையாக ஆவலோடு வாங்கியது. இத்தகைய சரக்குகளைப் பலனை முன்கூட்டி ருசுப்பிக்காமலே விற்க 1994-இல் அங்கே ஒரு சட்டம் இடங்கொடுக்கவே, புட்டிகள் பெருகின. 1998-இல் ஹெய்ம்ஸ்ஃபீல்ட் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் சகாக்களும் 135 பேருக்குப் பத்திய உணவளித்து 12 வாரம் பரிசோதித்தபோது, தினம் 1,500 மில்லிகிராம் அமிலம் உண்டவர்கள் சராசரி 3.2 கிலோ இளைத்தார்கள். மருந்தில்லா வெறும் மாத்திரை உண்டவர்களோ 4.1 கிலோ!

தனியே பலிக்காதது கூட்டில் பலிக்கும் என்ற நம்பிக்கை, திரிகடுகமும் திரிபலையும் அறிந்த நமக்குப் புதிதன்று. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், குடம்புளிச் சத்தோடு குரோமியமும், மென்றபின் சர்க்கரையை மண்ணைப்போல் ருசிக்கவைக்கும் சிறுகுறிஞ்சான் இலையின் சத்தும் சேர்ந்தன. சிறு குழுவினருக்கு 8 வாரம் கொடுத்து, எடை குறைந்ததென்று அறிவித்தார்கள். இதற்கிடையே, குடம்புளி கலந்த பலசரக்கு மாத்திரைகளை உண்டவர்கள் சிலருக்குக் கல்லீரல் கெட்ட செய்திகளும் மருத்துவ ஏடுகளில் வரத் தொடங்கின. பத்துச் சரக்கு சேர்ந்த புட்டியில் பழி எதனுடையது என்று பிரித்தறிய வைத்தியர்கள் திணறினார்கள்.